ஜன்னலுக்கு வெளியே இரண்டு அங்குலம்

1

இந்தக் கதை ஒரு பேன்ட்டிலிருந்து தொடங்கியது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேன்ட்டின் காலைக் குட்டையாக்க வந்த ஒருவர், கடைக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றதைப் பார்த்து, "மாஸ்டர், அது திரைச்சீலைக் கம்பியா?" என்று கேட்டார். இல்லை, பில்லியர்ட்ஸ் ஆடுகிற கோல் என்றேன். "நீங்க ஆடுவீங்களா?" இல்லை என்றேன். "பின்ன யாரு?"

ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. அந்தக் குழப்பத்தில் அவருடைய பேன்ட்டை இரண்டு அங்குலத்துக்குப் பதில் மூன்று அங்குலம் வெட்டிவிட்டேன். அந்தப் பேன்ட்டுக்காகவாவது இதை எழுதிவிட வேண்டும்.

முதல் தொடக்கம்: "பச்சைத் துணி போர்த்திய மேஜை ஒன்று"

(அடித்துவிட்டேன். துணியைப் பற்றி ஆரம்பித்தால் இரண்டு பக்கத்துக்குத் துணியே ஓடும். தொழில் புத்தி.)

இரண்டாவது தொடக்கம்: "அவள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு நாள் காலை அவள்"

(இந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே நான் போய்வந்தாயிற்று. உங்களையும் கூட்டிப்போக வேண்டாம்.)

மூன்றாவது: ஒரு தையற்காரர் தன் மனைவிக்கு ஒரு கோல் செய்து வாங்கப் புறப்பட்டார்.

இது சரியாக உட்காருகிறது. அந்தத் தையற்காரர் நான்தான். ஆனால் "நான்" என்று எழுதினால் எழுத்து ஈரமாகிவிடுகிறது. "அவர்" என்று எழுதினால் காய்ந்து கைக்கு வாகாக நிற்கிறது. எழுதியதைக் கேட்ட என் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏன்டா, உன்னை நீயே ‘அவர்’னு கூப்பிட்டுக்கறியா? ஊர்ல ஒருத்தரும் கூப்பிடலைன்னா?" என்றாள்.

2

மனைவிக்குப் பெயர் வைத்துப் பார்த்தேன். எந்தப் பெயரும் ரெடிமேட் சட்டை மாதிரி தோளில் தொங்கியது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. அதனால் எக்ஸ்ரேக்காரி என்றே இருக்கட்டும். குள்ளம். வாய் மட்டும் ஆறடி.

நாள் முழுக்க அவள் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "மூச்சை இழுத்துப் பிடிங்க." தையற்காரர் நாள் முழுக்கச் சொல்லும் வசனமும் ஒன்றுதான்: "மூச்சை விடுங்க, இழுத்துப் பிடிச்சா அளவு தப்பாயிடும்." ஒரே கூரையின் கீழ் மூச்சைப் பிடிக்கச் சொல்கிற ஒருத்தியும் விடச் சொல்கிற ஒருவரும் இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தினார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் மாலை அவள் பில்லியர்ட்ஸ் ஆடப் போவாள். மேஜைமேல் வெள்ளைப் பந்தைக் கோலால் குத்தி, அது மற்றப் பந்துகளை இடித்து ஓரத்துக் குழிகளில் தள்ள வேண்டும். கடைசியாகக் கறுப்புப் பந்தை யார் சரியாக விழவைக்கிறாரோ அவருக்கு வெற்றி. தையற்காரருக்கு ஆட்டத்தில் தெரிந்தது அவ்வளவுதான். ஆட்டத்துக்குப் போய்வந்த நாட்களில் அவள் பாத்திரம் கழுவும்போது பாடுவாள் என்பதும் தெரியும். குரல் சுமார்தான். ஆனால் மற்ற நாட்களில் வீடு கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

கிளப், ஓர் அச்சகத்தின் மேல் பலகையடித்துக் கட்டிய அறை. மேஜை பெரிது, அறை சிறிது. தெருப்பக்கச் சுவர் ஓரமாக நின்று அடித்தால், கோலைப் பின்னுக்கு இழுக்கும்போது அடிமுனை சுவரில் இடிக்கும். சரியாக இரண்டு அங்குலம் இடம் பற்றாது. உயரமானவர்கள் கோலைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து குத்திச் சமாளிப்பார்கள். அவளால் முடியாது. கிளப்பில் குட்டைக் கோல் ஒன்று இருந்தது. அது வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது.*

ஆண்டுப் போட்டியில் மூன்று முறை கடைசி ஆட்டம் வரை வந்து மூன்று முறையும் அவள் பல் டாக்டரிடம் தோற்றாள். பல் டாக்டர் வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் அந்தச் சுவர் ஓரத்திலேயே நிறுத்திவிடுவார். பல் பிடுங்குகிறவருக்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரியாதா?

மூன்றாம் முறை தோற்று வந்த அன்று அவள் பாடவில்லை. "அடுத்த வருஷமும் அந்தச் செவத்துகிட்ட தோத்தேன்னா, இதை விட்டுடறேங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தட்டை இரண்டு முறை கழுவினாள்.

தையற்காரர் அன்றே முடிவு செய்தார். இவளுக்கு அளவெடுத்து, இரண்டு அங்குலம் குட்டையாக, ஒரு கோல்.

(* சாதாரணக் கோலை இரண்டு அங்குலம் அறுத்தால் தீர்ந்ததே என்று நினைப்பீர்கள். அப்பாவின் சட்டையில் கையை வெட்டிப் பிள்ளைக்குப் போட்டுவிடலாம் என்பவர்கள் வாரத்துக்கு இருவர் என் கடைக்கு வருகிறார்கள். கை சரியாகும். தோள் தொங்கும்.)

3

அவரிடம் இருந்த தொகை பத்துக் கோட்டு. அவர் எதையும் கோட்டுக் கணக்கில்தான் யோசிப்பார், அதாவது ஒரு கோட்டுக்கான தையல்கூலி எவ்வளவோ அது. மிக்ஸி அரைக் கோட்டு. தங்கை கல்யாணம் எழுபது கோட்டு.

முதலில் போனது கோல் செய்வதில் பேர்போன ஒரு பெரிய கைக்காரரிடம். கண்ணாடி அலமாரிக்குள் கோல்கள் நின்றன. சிப்பி பதித்தது, வெள்ளி வளையம் போட்டது, பூவேலை செய்தது. ஒன்றைத் தொடப்போனார். "கையை அலம்பிட்டீங்களா?" என்றது ஒரு குரல்.

"இதெல்லாம் என்ன விலை சார்?"

விலையைச் சொன்னார். நாற்பது கோட்டு. அதுவும் வரிசையில் பெயர் எழுதி இருபது மாதம் காத்திருக்க வேண்டும்.

"ஆடறவங்க கொஞ்சம் குள்ளம்…"

"சிப்பி நீலமா, வெள்ளையா?" என்றார் பெரிய கைக்காரர்.

இரண்டாவது, பெயர் பொறித்துக் கொடுக்கும் கடை. ஆறு கோட்டுதான். போன கையோடு வாங்கிவரலாம். "சார், இது உங்களுக்குன்னே செஞ்சது!" என்று ஒன்றை எடுத்து நீட்டினான் கடைக்காரன்.

"எனக்குன்னு எப்படித் தெரியும்? நான் இப்பத்தானே உள்ள வந்தேன்?"

"பேரைச் சொல்லுங்க, சுட்டுப் பொறிச்சுடறேன். அப்ப உங்களுதுதானே?"

தையற்காரர் அதைக் கண்ணாடி மேஜைமேல் உருட்டிப் பார்த்தார். நொண்டிக்கொண்டே போயிற்று. ரெடிமேட் சட்டையில் கழுத்துப்பட்டி மட்டும் பிரித்துத் தன் கடைப் பட்டியைத் தைத்துக் கொடுப்பவர்களை அவருக்குத் தெரியும். கும்பிடு போட்டு வெளியே வந்தார்.

மூன்றாவது ஆள் கோல் செய்கிறவர் என்று பலகைகூட வைத்திருக்கவில்லை. நாற்காலிக் கால், மாடிப்படிக் கைப்பிடி கடைகிற கடைசல்காரர். உத்திரத்திலிருந்து மெல்லிய கோல்கள் பத்துப் பதினைந்து, துவைத்துத் தொங்கவிட்ட மாதிரி, நூலில் ஆடிக்கொண்டிருந்தன.

"ஏன்ணே தொங்குது?"

"ஒரு தடவை கடைஞ்சா மரம் கோச்சுக்கும் மாஸ்டர். எந்தப் பக்கம் திரும்பணுமோ திரும்பிக்கட்டும்னு ஒரு மாசம் விட்டுடுவேன். அப்புறம் இன்னும் கொஞ்சம் கடைவேன். திரும்பவும் ஒரு மாசம்."

"நான் துணியை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் தண்ணில போட்டுடுவேன்."

"சுருங்கறதெல்லாம் முன்னாடியே சுருங்கட்டும்னா?"

"ஆமாண்ணே. தச்ச பிறகு சுருங்கினா என் பேருல்ல சுருங்கும்!"

கடைசல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். ஒரு நாற்காலியைத் தட்டித் தள்ளினார். இன்னும் கால் மாட்டாத நாற்காலி. தையற்காரர் நின்றுகொண்டே பேசினார்.

"எங்கிட்ட பத்துக் கோட்டுதான் இருக்கு."

"எனக்கு எதுக்குக் கோட்டு?"

விளக்கியதும் அவர் சிரித்தார். "போதும். முன்பாதிக்கு முதல்தர மரம் போடறேன். பந்தைத் தொடற முனைத்தோலும், ரெண்டு பாதியைச் சேக்கற நடுத்திருகும் நல்லதாப் போடறேன். காசு அங்கதான் போகணும். பின்பாதிக்கு, ஒரு மாடிப்படிக்குக் கடைஞ்சு மிஞ்சின கட்டை இருக்கு, பத்து வருஷம் காஞ்சது. பூவேலை கிடையாது. பூவா பந்தை அடிக்கப்போகுது?" பிறகு, முதல் இருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "ஆடறது யாரு? எவ்வளவு உயரம்?"

"வீட்டுக்காரி. ரகசியமாச் செய்யணும்ணே."

"அப்ப தரையிலேருந்து புருவம் வரைக்கும் அளந்து கொண்டாங்க. உங்களுக்கா சொல்லித்தரணும்?"

(இந்த இடத்தில் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். நல்ல ஆள் கிடைத்துவிட்டார், விலையும் கட்டியது. இரண்டு கெட்டிக்காரர்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.)

4

"புதுசா வெள்ளைக் கோட்டு தைக்கறேன், நில்லு."

"போன மாசம்தானே தச்சீங்க?"

"இது வேற தினுசு."

தரையில் நாடாவை மிதித்துப் புருவம் வரை இழுத்தார். எக்ஸ்ரேக்காரி குனிந்து பார்த்தாள். "ஏங்க, தரையிலேருந்து அளக்கறீங்களே, இது கோட்டா, ஜன்னல் திரையா?"

"பேசாதே. மூச்சை விடு."

"விட்டுக்கிட்டேதான் இருக்கேன், டெய்லர் சார். நீங்கதான் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

அளவு ஐம்பத்தாறு அங்குலம். சீட்டில் எழுதிக் கடைசல்காரரிடம் கொடுத்தார்.

5

ஆறு மாதம் கழித்து, போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில், கோல் வந்தது. இரண்டு துண்டு, நடுவில் திருகு. பின்பாதி கருப்பட்டி நிறம். எக்ஸ்ரேக்காரி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தாள், தரையில் உருட்டினாள். நொண்டாமல் போயிற்று. மறுநாள் அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டாள்.*

அன்று மாலை அது வீடு திரும்பியதும் தையற்காரர் சும்மா ஆசைக்குக் கோலை வெட்டுமேஜைமேல் கிடத்தி நாடா வைத்துப் பார்த்தார்.

ஐம்பத்தெட்டு.

நாடாவைத் திருப்பிப்போட்டு அளந்தார். ஐம்பத்தெட்டேதான். கிளப்பில் சும்மா கிடக்கிற கோல்களின் நீளம்.

கடைசல்காரரிடம் ஓடினார். சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். சீட்டில் ஐம்பத்தேழு என்று இருந்தது. தையற்காரருடைய கையெழுத்துதான். எந்த அளவுக்கும் தையலுக்கென்று ஓர் அங்குலம் விட்டு எழுதுவது முப்பது வருடக் கைப்பழக்கம். மனசு ஐம்பத்தாறு என்றது. கை ஐம்பத்தேழு என்று எழுதியது.

"சரி, ஒரு அங்குலம் நான் விட்டுட்டேன். இன்னொண்ணு?"

கடைசல்காரர் தலையைச் சொறிந்தார். "ஆளைப் பாக்காம செய்யறோம், ஒரு அங்குலம் கூட இருக்கட்டும், வந்து நின்னா வெட்டிக்கலாம்னு…"

"நீங்களுமா?"

"நீங்க விடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வெட்டிட்டா ஒட்ட முடியாது மாஸ்டர்!"

"அதைத்தானே நானும் வர்றவங்ககிட்டல்லாம் சொல்றேன்!"

இப்போது வெட்ட முடியுமா என்றால், முடியாது. அடியில் வெட்டினால் எடை முன்பக்கம் சாயும். உள்ளே இருக்கிற இரும்பை மாற்ற வேண்டும், மறுபடி பூச வேண்டும், காய வேண்டும். அதற்குப் பத்து நாள் ஆகும்.

விஷயத்தைக் கேட்டதும் எக்ஸ்ரேக்காரி முதலில் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு மேதாவிங்க சேர்ந்து, ஆறு மாசம் பாடுபட்டு, கிளப்புல கிடக்கற அதே நீளத்துல செஞ்சிருக்கீங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்தாள். பிறகு அடுப்பங்கரையிலிருந்து வேறு குரலில், "பரவால்லங்க. கைக்கு நல்லா இருக்கு. இதை வச்சே தோத்துட்டு, கௌரவமா விட்டுடறேன்" என்றாள்.

அவர் கழுத்து நாடாவை எடுத்துக் கோலை மூன்றாம் முறையாக அளந்தார்.

(* இதை யாரும் நம்ப மாட்டார்கள், எடுத்துவிடு என்றாள் அக்கா. படம் என்னிடம் இருக்கிறது. மரம் புகை மாதிரி, நடுத்திருகு வெள்ளைவெளேரென்று. படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவள் சொன்னது: "எலும்பு நேரா இருக்கு. பிழைச்சுக்கும்.")

6

போட்டி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். காலையில் தையற்காரர் ஒரு கோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். கோட்டுக்குச் சொந்தக்காரர் தடித்துவிட்டார், கோட்டு தடிக்கவில்லை. பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்துவிட்டிருந்த துணியை வெளியே விட்டால் தீர்ந்தது. ஆளை யாரும் வெட்டுவதில்லை.

பாதித் தையலில் கை நின்றது.

(இந்த இடத்தில் பின்னணியில் ஒரு இடி, ஒரு பறவை, ஏதாவது வைக்கலாமா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.)

கோலைக் குட்டையாக்க முடியாது. அறையைப் பிரித்துவிட முடியுமா?

அந்தத் தெருப்பக்கச் சுவரில் நீளமாக ஒரு ஜன்னல் உண்டு. மேலே கீல் வைத்து, வெளிப்பக்கம் தூக்கித் திறக்கிற பலகை ஜன்னல். ஒவ்வொரு வருடமும் சுவரோடு சேர்த்து அதற்கும் வண்ணமடித்து அடித்து, அது ஜன்னல் என்பதையே எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். தையற்காரர் கிளப்புக்குப் போனார். வண்ணம் மூடிய விளிம்பைத் தடவினார். தையல் மாதிரி ஒரு மேடு. தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து, மேட்டின்மேல் ஓர் அங்குலம், இன்னோர் அங்குலம் என்று நான்கு பக்கமும் பிரித்தார். கடைசியில் நெம்ப வேண்டியிருந்தது. காகிதத்தைக்கூட வெட்ட விடாத தன் பெரிய கத்திரியைச் சந்துக்குள் நுழைத்து அழுத்தினார். கத்திரி முனை உடைந்தது. ஜன்னல் திறந்தது.

தூக்கி நிறுத்தும் கம்பி துருப்பிடித்து அவர் கையோடு வந்துவிட்டது. யாராவது தெருவில் நின்று தாங்கிப் பிடித்தால்தான் உண்டு. சுற்றிலும் பார்த்தார். மூலையில் அந்த வாழைப்பழக் கோல் கிடந்தது.

7

பல் டாக்டரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவரைக் கோரப்பல் தெரியச் சிரிக்கவைத்தேன். சட்டைப் பித்தான் தைக்க வந்தபோது அவரே படித்துவிட்டார். "நான் அவ்வளவு மோசமாவா சிரிச்சேன்?" என்று முகம் வாடினார். அவள் போனபிறகு வாரம் ஒரு முறை ஏதாவது ஒரு பித்தானோடு வந்துவிடுகிறார். தானே பிய்த்துக்கொண்டு வருகிறார் என்று நினைக்கிறேன். ஆகவே அவர் நல்லவர். அன்று மட்டும் கொஞ்சம் கெட்டவர்.

"ஜன்னலைத் திறந்துவச்சு ஆடறதுக்கு ரூல் இருக்கா?" என்றார்.

"மூடிவச்சு ஆடணும்னு இருக்கா டாக்டர்?" என்றாள் எக்ஸ்ரேக்காரி.

"காத்து வரும்."

"வந்தா உங்களுக்கும் சேர்த்துத்தானே வரும்?"

இவ்வளவும் தையற்காரர் தெருவிலிருந்து கேட்டது. தாழ்ந்த கூரை போட்ட அச்சகத்துக்கு மேலே இருப்பதால் ஜன்னல் விளிம்பு அவர் தலைக்கு மேல் இரண்டு முழம். உள்ளே ஒன்றும் தெரியாது. இரண்டு கையாலும் வளைந்த கோலால் ஜன்னல் பலகையைத் தாங்கிக்கொண்டு நின்றார். போகிறவர்கள் பார்த்தார்கள். "என்ன மாஸ்டர், கட்டடத்தைத் தாங்கறீங்களா?" என்றார் ஒருவர். "விட்டா விழுந்துடும்" என்றார் இவர், உண்மையாகவே.

ஒரு மணி நேரம் பந்துச் சத்தம். கைத்தட்டல். யாருக்கு என்று தெரியவில்லை. கை மரத்துப்போயிற்று. பிறகு உள்ளே அமைதி. காலடிகள் சுவர்ப்பக்கம் வந்தன. பல் டாக்டர் பழக்க தோஷத்தில் வெள்ளைப் பந்தை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மிச்சம் இருந்தது கறுப்பு மட்டும்.

8

இங்கே எல்லோரும் முடிவு கேட்கிறார்கள்.

அக்காவின் முடிவு: கறுப்புப் பந்து நேராகப் போய்க் குழியில் விழுகிறது, எக்ஸ்ரேக்காரி ஓடிவந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "ஏங்க!" என்று கத்துகிறாள். ("போனவளைக் கதையிலயாவது ஜெயிக்கவையேன்டா" என்றாள். ‘கதையிலயாவது’ என்று ஏன் சொன்னாள்? நடந்தது அவளுக்கே மறந்துபோயிருக்கும்.)

கடைசல்காரரின் முடிவு: யார் ஜெயித்தால் என்ன, கோல் இன்றைக்கும் வளையவில்லை என்று எழுதுங்கள். (எழுதிவிட்டேன்.)

பல் டாக்டரின் முடிவு: "நடந்ததை நடந்தபடி எழுதுங்க. நான் சாட்சி."

நடந்தது எனக்கும் தெரியும். கிளப் சுவரில் பலகையில் எழுதியே இருக்கிறது. அதற்குப் பிறகு பதினொரு வருடம், வாரம் இரண்டு நாள், அவள் ஆடப் போனாள், பாத்திரம் கழுவும்போது பாடினாள். "அப்ப ஜெயிச்சுட்டாங்க" என்று உடனே கணக்குப் போடாதீர்கள். சொன்ன வார்த்தையை மாற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு அங்குலத்தை வெட்டித் தருகிறேன் என்று கடைசல்காரர் வந்து நின்றபோது, நாற்பத்தாறு வயதில், "இருக்கட்டும்ணே, நான் இன்னும் வளரணும்" என்றவள் அவள்.

அன்று சாயங்காலம் படியிறங்கி வந்து என்னிடம் கேட்டாள். "ஏங்க, பாத்தீங்களா?"

"ரெண்டு அங்குலம் பாத்தேன்."

"அது போதும். அதுதான் நீங்க செஞ்சது."

ஆகவே நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். மிச்சத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். தையலுக்கு விட்டிருக்கிறேன்.

உள்ளே அவள் தனக்குத்தானே, ஆனால் தெருவுக்குக் கேட்கும்படி, சொல்கிறாள்: "மூச்சை இழுத்துப் பிடிங்க."

தையற்காரர் பிடிக்கிறார். தலைக்கு மேல், ஜன்னல் விளிம்பைத் தாண்டி, கருப்பட்டி நிறத்தில் ஓர் அடிமுனை மெல்ல வெளியே வந்து வெயிலில் நிற்கிறது. கழுத்தில் நாடா இருக்கிறது, அளக்கக் கை காலியில்லை. தேவையும் இல்லை, முப்பது வருடக் கண். சரியாக இரண்டு அங்குலம். ஒன்று கடைசல்காரருடையது, ஒன்று அவருடையது.

அது உள்ளே போகிறது. பந்தும் பந்தும் மோதுகிற சத்தம். எதுவோ உருள்கிறது.

மூச்சை விடுங்கள். பிடித்துக்கொண்டிருந்தால் அளவு தப்பாகிவிடும்.